பொய்யாக உட்கார்ந்த மூன்று நாள்

ஏழு மாதத்துக்கு மேல் எனக்குத் தூரம் வரவில்லை. வயிற்றில் பிள்ளையும் இல்லை. கல்யாணமான பெண்ணுக்கு இரண்டில் ஒன்று இருக்க வேண்டும். எனக்கு இரண்டும் இல்லை. நான் எதில் சேர்த்தி என்று எனக்கே புரியாமல் ஒரு வருடத்தின் பெரும்பகுதியைக் கழித்தேன். அந்தக் குழப்பத்தில் நான் செய்த காரியத்தையும், அண்ணாமலையார் அந்த முடிச்சை அவிழ்த்த விதத்தையும் அவரை நம்பும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக எண்ணம். பெண்கள் சமாசாரமாயிற்றே, எழுதலாமா என்று தயங்கினேன். என் மாமியார்தான், "எழுதுடி. தெருவுக்கே தெரிஞ்ச கதையை உள்ள வச்சிகினு இன்னா பண்ணப் போற?" என்றார். எழுதுகிறேன்.

நான் சகுந்தலா. திருவண்ணாமலையில் கோயிலுக்கு மூன்றாவது தெருவில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணம் எழுபத்தாறு தை மாதம். என் வீட்டுக்காரர் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக வாத்தியார். தினமும் காலையில் பஸ் ஏறிப் போய் சாயங்காலம் வருவார். மாமியாருக்கு அவர் ஒரே மகன். மாமனார் போய்ச் சேர்ந்து பத்து வருடமாகியிருந்தது. வீட்டில் நாங்கள் மூன்றே பேர்.

கல்யாணமான முதல் வாரத்திலேயே வீட்டுக்காரர் என்னிடம், "வேலை பர்மனென்ட் ஆவட்டும். அதுக்கப்புறம் குழந்தை. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத" என்றார். வேலூருக்கு என்னைக் கூட்டிப்போய் ஒரு டாக்டரிடம் காட்டி, கர்ப்பத்தடை மாத்திரை வாங்கிக் கொடுத்தார். உள்ளூர்க் கடையில் வாங்கினால் மாமியார் காதுக்குப் போக அரை மணி நேரம் ஆகாது. அதனால் மாதம் ஒருமுறை வேலூர் போய் வாங்கி வருவார். நான் தையல் டப்பாவில் நூல்கண்டுகளுக்கு அடியில் அட்டையை ஒளித்து வைப்பேன்.

மாதவிலக்கை எங்கள் பக்கத்தில் தூரம் என்போம். எங்கள் வீட்டில் அந்த மூன்று நாளும் தோட்டத்துப் பக்கம் ஓலைச் சாய்ப்பில்தான் இருக்க வேண்டும். தனிப் பாய், தனித் தட்டு, தனிச் சொம்பு. நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வரலாம். மாமியார் நான் உட்கார்ந்த நாளைச் சமையலறைக் காலண்டரில் மஞ்சளைக் குழைத்துப் பொட்டு வைத்துக் குறித்துக்கொள்வார். என் உடம்பு என்னுடையது என்று பேர்தான். அதன் வரவும் போக்கும் காலண்டரில் எல்லாரும் பார்க்கத் தொங்கியது.

மாத்திரை சாப்பிட்ட அந்த மூன்று வருடமும் எனக்கு ஒரு நாள் முன்பின் ஆனதில்லை. அட்டை முடிந்த மூன்றாம் நாள் டாண் என்று வந்துவிடும். தீபமோ நவராத்திரியோ குறுக்கே வந்தால் நான் ஒரு தந்திரம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஒரு அட்டை முடிந்ததும் இடைவெளி விடாமல் அடுத்த அட்டையை ஆரம்பித்துவிடுவேன். தூரம் தள்ளிப் போய்விடும். விளைவு, மாமியார் தெரு முழுக்கப் பெருமை பேசினார். "என் மருமவளுக்கு சாமி நாள்ல தூரமே வராது. அம்மனோட கடாட்சம்" என்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அவர் அதை அடக்கம் என்று நினைத்தார். மூன்று வருடம் கார்த்திகைத் தீபத்துக்கு வீட்டு விளக்கை ஏற்றியவள் நான்தான்.

எழுபத்தொன்பது பங்குனியில் அவருக்கு வேலை நிரந்தரமானது. சித்திரை பிறந்ததும் மாத்திரையை நிறுத்தினேன். வழக்கம்போல மூன்றாம் நாள் வந்தது. அடுத்த மாதம் பிள்ளை உண்டாகிவிடும் என்று நான் பாட்டுக்குப் பேர்கூட யோசித்தேன்.

வைகாசியில் வரவில்லை. ஆனியில் வரவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்னைவிட மாமியாருக்கு. அவர் ஆனி முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். ஆடி பிறந்ததும் பக்கத்து வீட்டு அம்மாளிடம், "மருமவ முழுகாம இருக்கா" என்று வாய் திறந்துவிட்டார். அவ்வளவுதான். தெருவிலிருந்து மாங்காய் வந்தது, புளியோதரை வந்தது, தெரியாதவர்கள்கூட என் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொன்னார்கள். கரும்பில் புடவையைத் தொட்டிலாகக் கட்டிக் குழந்தையோடு மாட வீதி சுற்றி வருகிறோம் என்று மாமியார் அண்ணாமலையாருக்கு வேண்டுதலும் செய்துவிட்டார்.

ஆனால் எனக்கு மசக்கை இல்லை. வாந்தி இல்லை. எல்லாரும் கொண்டுவந்ததை நன்றாகவே சாப்பிட்டேன். உள்ளுக்குள் ஏதோ சரியில்லை என்று பட்டது.

ஆவணியில் மாமியார் என்னை ஊரில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்த அம்மாள் வயிற்றை அழுத்திப் பார்த்தார். சிறுநீர் பரிசோதனையும் செய்யச் சொன்னார். மறுநாள் போனோம். "கர்ப்பம் இல்லம்மா" என்றார். மாமியார் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். "நீ ஏதாவது மாத்திரை சாப்பிட்டியா? குழந்தை வேணாம்னு?"

மாமியார் என் பக்கத்திலேயே இருக்கிறார். அவர் கையில் எனக்காக வாங்கிய மாதுளம்பழம் இருக்கிறது. நான் என்ன சொல்ல?

"இல்லீங்க" என்றேன்.

"சரி. அடுத்த தடவை தூரமானா தேதியைக் குறிச்சிகினு வா. பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து மாமியார் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார். பிள்ளையும் இல்லாமல், தூரமும் ஆகாமல் ஒரு பெண் வீட்டுக்குள் வளைய வருவது அவருக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். எனக்கே பயமாக இருந்தது. மாத்திரை என் கருப்பையைச் சுட்டுவிட்டதா? சாமி நாளில் தூரத்தைத் தள்ளிப் போட்டதற்குத் தண்டனையா? நான் தள்ளித் தள்ளி விட்டதை அம்மன் ஒரேயடியாகத் தள்ளிவிட்டாளா? வீட்டுக்காரரைக் கேட்டால், "சரியாப் போயிடும்" என்பார். எது சரியாகும், எப்போது சரியாகும் என்று அவருக்கும் தெரியாது.

ஒரு நாள் காலையில் மாமியார் காலண்டரின் முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு என்ன வந்ததோ. பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நேரே சாய்ப்புக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

"தூரம் அத்தே" என்றேன்.

வரவில்லை. ஒரு சொட்டு வரவில்லை. பொய்.

ஆனால் மாமியாரின் முகம் மலர்ந்ததே! "அப்பா, வந்துட்சா? போவட்டும், உடம்பு சரியாயிட்சு" என்று சூடாகக் கஞ்சி காய்ச்சி எனக்கு ஊற்றினார். மூன்று நாள் சுத்தமான உடம்போடு தீட்டுக் காத்தேன். உள்ளே விளக்கு ஏற்றும் சத்தம், மணியாட்டும் சத்தம் கேட்கும். நானாகவே என்னை வெளியே தள்ளிக்கொண்டேன். இதற்கு என்ன பாவம் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் போட்டிருக்காது.

ஒரு பொய் சொன்னால் அதைக் காப்பாற்ற மாதாமாதம் ஒரு பொய் வேண்டும். இருபத்தெட்டு நாள் எண்ணிப் புரட்டாசியில் உட்கார்ந்தேன். ஐப்பசியில் உட்கார்ந்தேன். மாமியார் மஞ்சள் பொட்டு வைத்த தேதிகளை எழுதி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார். நானும் பின்னால் போனேன். "மாசாமாசம் டாண்ணு வருதும்மா" என்றார். டாக்டர் சந்தோஷப்பட்டு விளக்கம் சொன்னார். பெண்ணின் உடம்பில் மாதம் ஒரு முட்டை வருமாம். ஒழுங்காகத் தூரமாகிறவர்களுக்கு முதல் நாளிலிருந்து எண்ணினால் பன்னிரண்டுக்கும் பதினாறுக்கும் நடுவில் வருமாம். அந்த நாட்களில் புருஷன் பெண்டாட்டி சேர்ந்திருக்க வேண்டுமாம்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தை எப்படி எழுதுவது? மாமியார் காலண்டரில் அந்த நாட்களுக்குக் குங்குமப் பொட்டு வைத்தார். குங்கும நாள் வந்தால் மகனிடம், "இன்னிக்கு ட்யூஷன் கீஷன்னு எங்கயும் நிக்காத, நேரா வூட்டுக்கு வா" என்பார். தான் மட்டும் பாயை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் படுக்கப் போய்விடுவார். வீட்டுக்காரர் வெட்கத்தால் என் முகத்தைப் பார்க்கமாட்டார். நான் குற்றத்தால் அவர் முகத்தைப் பார்க்கமாட்டேன். பொய்த் தேதியிலிருந்து எண்ணி எடுத்த நல்ல நாள் எப்படி நல்ல நாளாகும்? அவரிடம்கூட நான் உண்மையைச் சொல்லவில்லை. தூரம் மறுபடி வருகிறது என்றே அவரும் நம்பினார்.

கார்த்திகை பிறந்ததும் நான்காம் முறையாகப் பொய்யாக உட்கார்ந்தேன். மாமியார் எண்ணிப் பார்த்துவிட்டுச் சாய்ப்புக்கு ஓடி வந்தார்.

"சகுந்தலா! பதினாலாம் நாள் எப்ப வருது தெரியுமா? தீபத்தன்னிக்கு! டாக்டரம்மா சொன்ன நடு நாள்! இது நம்ம கணக்கு இல்லடி, ஈஸ்வரன் போட்ட கணக்கு. சாயங்காலம் தீபம் பார்த்துட்டா விரதம் முடிஞ்சுது, தோஷம் ஒண்ணும் இல்ல."

அவர் கண்ணில் நீர். ஈஸ்வரன் தலையிலும் என் பொய்யைக் கட்டியாயிற்று.

நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வந்தேன். மறுநாள் கோயிலில் கொடியேற்றம். கூட்டத்தோடு கூட்டமாக உண்ணாமுலை அம்மன் சன்னதியில் போய் நின்றேன். எத்தனையோ தடவை அங்கே நின்று பிள்ளை கேட்டிருக்கிறேன். அன்றைக்குக் கேட்க வாய் வரவில்லை. அழுதேன். "தாயே, பிள்ளை அப்புறம் கொடு. கொடுக்காவிட்டாலும் போ. எனக்கு ஒரே ஒரு நிஜமான தூரம் கொடு. நான் பொம்பளைதானா என்று எனக்குத் தெரிய வேண்டும். இனிமேல் பொய்யாக உட்கார மாட்டேன்" என்றேன். உன் சன்னதிக்குள் வரவிடாமல் செய்வதையே உன்னிடம் வந்து கேட்கிறேனே, இது சரியா தப்பா என்றும் தெரியவில்லை. ஆனால் அந்த வருடத்தில் நான் மனசாரச் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

தீபத்தன்று விடியற்காலையில் எழுந்தேன். வயிற்றைப் பிடித்து இழுத்தது. முந்தின ராத்திரியே விரதம் தொடங்கியிருந்ததால் பட்டினி வலி என்று நினைத்தேன். குளிக்கப் போனபோது பார்த்தேன்.

வந்திருந்தது.

சிரித்தேனா அழுதேனா என்று நினைவில்லை. இரண்டும் செய்தேன். ஊரே வீட்டைக் கழுவிக் கோலம் போட்டு அகல் அடுக்குகிறது. வருடம் முழுக்க எந்த நாளில் வேண்டுமானாலும் வந்திருக்கலாம். அண்ணாமலையார் எனக்குக் கொடுக்கத் தேர்ந்தெடுத்த நாளைப் பாருங்கள்! இது வரமா, வேண்டுமென்றே வெளியே தள்ளிய அடியா என்று எனக்குப் புரியவில்லை. பாயை எடுத்துக்கொண்டு சாய்ப்புக்குப் போனேன்.

மாமியார் அகலுக்குத் திரி போட்டபடியே என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

"இங்க இன்னாத்துக்கு குந்தியிருக்க? எழுந்து வா, வேலை கெடக்குது."

"தூரம் அத்தே."

"விளையாடுறியா? பதினாலு நாள்தான்டி ஆவுது!"

"இதுதான் அத்தே நிஜம். அதெல்லாம் பொய்."

சொல்லிவிட்டேன். மாத்திரை, தையல் டப்பா, வேலூர், டாக்டரிடம் சொன்ன "இல்லீங்க", நான்கு மாதப் பொய்த் தூரம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். நடுவில் வீட்டுக்காரர் வந்து நின்று கேட்டார். முடித்தபோது மாமியார் என்னைத் திட்டவில்லை. மகனைப் பார்த்து, "நீயுமாடா?" என்றார். திரியைத் தரையில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

மாமியார் ஒவ்வொரு வருடமும் மத்தியானமே கோயிலுக்குப் போய் இடம் பிடித்துவிடுவார். அந்த வருடம் போகவில்லை. விளக்கேற்ற வேறு பெண் இல்லை. என்னால் அவருக்குச் சாமி தரிசனமும் போயிற்று. நான் சாய்ப்பில் சுருண்டு கிடந்தேன்.

ஆறு மணி நெருங்கியது. தெருவில் எல்லார் வீட்டு மாடியிலும் ஆட்கள். எங்கள் தோட்டத்திலிருந்து பார்த்தால் மலை நன்றாகத் தெரியும். சட்டென்று ஊர் முழுக்க ஒரே குரல் எழும்பியது. "அண்ணாமலையானுக்கு அரோகரா!" நிமிர்ந்தேன். மலை உச்சியில் தீபம்.

மூன்று வருடம் அந்த நேரத்தில் அகலை ஏற்றும் அவசரத்தில் மலையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்துவிடுவேன். அன்றைக்கு எனக்கு வேலை இல்லை. தீண்டக்கூடாதவளாக ஓலைச் சாய்ப்பில் உட்கார்ந்து வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். சன்னதிக்குத்தான் கதவு இருக்கிறது. மலைக்கு இல்லை. யார் சுத்தம், யார் தூரம் என்று அந்த நெருப்பு கேட்கவில்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டார் என்பது அப்போதுதான் உறைத்தது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

மாமியார் வாசலில் விளக்கேற்றிவிட்டுப் பொரி உருண்டைத் தட்டோடு தோட்டத்துக்கு வந்தார். எனக்கு ஒரு கை தள்ளி உட்கார்ந்தார். இருவரும் மலையைப் பார்த்தபடி இருந்தோம். அவராகவே ஆரம்பித்தார்.

"உன் மாமனார் வூட்ல பதினோரு பேரு. நெல்லு அவிக்கிற நாள்ல இடுப்பு ஒடிஞ்சிடும். நான் ரெண்டு தடவ பொய்த் தூரம் உக்காந்திருக்கேன்."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"இன்னா பார்க்குற? மூணு நாள் தூங்கினேன். எனக்கு ரெஸ்ட்டாவது கெடச்சிது. உனக்கு இன்னாடி கெடச்சிது, பைத்தியமே?"

இருவரும் சிரித்தோம். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவர் பொரி உருண்டையைத் தூக்கிப் போடாமல் என் கையிலேயே வைத்தார். தொட்டதற்காகக் குளித்தாரா என்று நான் கேட்கவில்லை.

நாலாம் நாள் கழித்து டாக்டரிடம் போனோம். உண்மையைச் சொன்னதும் அந்த அம்மாள் நன்றாகத் திட்டினார். பிறகு விளக்கினார். மாத்திரை முட்டையை வரவிடாமல் நிறுத்தி வைக்குமாம். மாத்திரை சாப்பிட்ட காலத்தில் மாதாமாதம் வந்ததெல்லாம் அட்டையை நிறுத்துவதால் வந்ததாம், முட்டை வந்து கழிந்து வந்ததில்லையாம். நிறுத்திய பிறகு பலருக்கு ஒன்றிரண்டு மாதத்தில் சரியாகும், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும், அப்படி ஆனால் டாக்டரிடம் மறைக்காமல் காட்ட வேண்டும் என்றார்.

"முட்டை வந்து ரெண்டு வாரத்துக்கு அப்புறம்தான் தூரம் ஆவும். அதனால இது வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னால உனக்கு முட்டை வந்திருந்தாலும் வந்திருக்கும்" என்றார்.

நான் மனசுக்குள் எண்ணினேன். இரண்டு வாரம் முன்னால் நான் எங்கே இருந்தேன்? சாய்ப்பில். புருஷனை விட்டுத் தனியாக, பொய்த் தூரத்தில். ஏழு மாதமாகக் காத்திருந்தது வந்து கதவைத் தட்டிய அன்று நான் தோட்டத்தில் படுத்துக் கிடந்திருக்கிறேன். மாமியாரும் எண்ணியிருப்பார் போல. என் விலாவில் ஒரு குத்து விட்டார்.

அதற்கப்புறமும் எல்லாம் ஒரே நாளில் நேராகிவிடவில்லை. ஒரு மாதம் நாற்பது நாளில் வந்தது, ஒரு மாதம் முப்பத்தைந்தில். ஆனால் வந்ததெல்லாம் நிஜம். அடுத்த சித்திரையில் நாள் தள்ளியது. இந்த முறை யாரும் வாயைத் திறக்கவில்லை. மாமியார் காலண்டர் பக்கமே போகவில்லை. டாக்டர் உறுதியாகச் சொன்ன பிறகும் ஐந்தாம் மாதம் வரை பக்கத்து வீட்டுக்கு மூச்சு விடவில்லை. எண்பத்தொன்று தை மாதம் அருணா பிறந்தாள்.

அந்த வருடத் தீபத் திருவிழாவில் கரும்புத் தொட்டில் வேண்டுதல். பத்து மாதக் குழந்தை. கரும்பும் வந்தாயிற்று, புடவையும் மஞ்சளில் நனைத்தாயிற்று. புறப்படும் நேரத்தில் எனக்குத் தூரமாகிவிட்டது. பிரசவத்துக்குப் பிறகு முதல் தடவை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறைக்கவில்லை. இனி மறைப்பதில்லை என்று அம்மனிடம் வாக்குக் கொடுத்தவள். நேரே மாமியாரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் கரும்பைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீ அம்மன்கிட்ட கேட்டு வாங்கினதுதானே இது? பிரசாதத்துக்கு ஏதுடி தீட்டு? தூக்கு தொட்டிலை."

முன்னால் என் வீட்டுக்காரர், பின்னால் நான். தோளில் கரும்பு, நடுவில் அருணா. நான்கு மாட வீதியும் சுற்றினோம். மாமியார் குழந்தைக்கு வெயில் படாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். சாஸ்திரம் தெரிந்தவர்கள் இதைப் படித்துவிட்டு என்னைக் கோபிக்கலாம். கோபித்துக்கொள்ளுங்கள். நான் நடந்தது நடந்ததுதான்.

இன்று அருணாவுக்கு ஏழு வயது. தோட்டத்துச் சாய்ப்பில் இப்போது விறகு அடுக்கியிருக்கிறோம். எனக்கு மாதாமாதம் வருகிறது. முன்பு சலித்துக்கொள்வேன், இப்போது வந்ததும் மலை இருக்கும் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போடுகிறேன். என்னைப் போல் குழம்பி நிற்கும் சகோதரி யாராவது இதைப் படித்தால் அவளுக்கு ஒரு வார்த்தை. டாக்டரிடமும் மாமியாரிடமும் நிஜத்தைச் சொல். அப்புறம் அண்ணாமலையாரிடம் போய் மனசில் இருப்பதைக் கேள். எனக்குக் கொடுத்தவர் உனக்கும் கொடுப்பார். ஆனால் அவர் கொடுப்பது நாம் தீட்டு என்று ஒதுக்கிவைத்த வழியாகவும் வரும். வந்தால் வாசலில் நிறுத்திவிடாதே, உள்ளே கூப்பிடு.